அளக்காத கை

பக்கத்து வீட்டில் பலா மரம் அறுக்கிறார்கள். அந்த மஞ்சள் தூளின் வாசம் என் அறைக்குள் வந்ததும் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடு நினைவுக்கு வந்தது.

அப்பா தோட்டத்துத் தச்சர். தோட்டத்தை நிர்வகித்த துரையின் துப்பாக்கியில் தோளோடு அணைக்கும் மரக்கட்டை உடைந்திருந்தது. புதிதாகச் செய்ய மூன்று மரத்துண்டுகளை எடுத்து அம்மாவிடம் காட்டினார்.

"தேயிலைக்கு நெழலா நடுற இந்த மலைச் சவுக்கு லேசு, சுடுற அதிர்ச்சியில பொளந்துரும். டர்பன்டைன் மரம் காஞ்சா முறுக்கிக்கும். பலாதான் தாங்கும்."

"தொரை கைய அளந்தீங்களா?"

"தொரை கைய எப்படித் தொடுறது?"

தன் கையையே அளந்து செதுக்கினார். துரை தோளில் வைத்துப் பார்த்து, "குட்டையா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அம்மாவும் அப்பாவும் இறந்துபோன பிறகு அந்தக் கட்டை என்னிடம் வந்தது. இன்றுதான் முதல்முறையாகத் தோளில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அம்மாவிடம் சொல்லத் திரும்பினேன், வீட்டில் யாருமில்லை.