மயக்கம் மூளைக்குத்தான்

இரண்டு விரலால் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காத்தக்கா நோயாளியின் பெயரையே கேட்பார். 'டொம்' என்று கேட்டால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். "இன்னிக்கும் டாக்டர் காத்தை உறிஞ்சாமயே குழாயை உருவிட்டாரு!"

குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுச் சோதித்த நோயாளிகளுக்கு மயக்கம் தெளியும் அறையில் அவர் நர்ஸ். எவ்வளவு பெரிய அதிகாரி படுத்திருந்தாலும் "காத்து போச்சா?" என்று சத்தமாகத்தான் விசாரிப்பார். அப்படி வந்த பெயர்.

குடலை விரித்துப் பார்க்க டாக்டர் உள்ளே காற்றை ஊதுவார். முடிந்ததும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அவசரத்தில் பாதி உள்ளேயே தங்கிவிடும். நோயாளி விழிக்கும்போது வயிறு பானை மாதிரி நிற்கும். உடம்பு சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும் கரியமில வாயுவை ஊதினால் இந்தப் பாடு குறையும். அதற்கான மிஷின் வந்து ஒரு வருஷமாகிறது. உறைகூடப் பிரிக்கவில்லை. "மயக்கத்துல இருக்கறவங்களுக்கு ஏது வலி?" என்பார் டாக்டர்.

"மயக்கம் மூளைக்கு சார், வயித்துக்கில்ல." சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்று ஓர் அம்மா சுருண்டு கிடந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா" என்றார். பக்கத்தில் அவருடைய மருமகன் நின்றுகொண்டிருந்தார். அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"மாப்பிள்ளை சார், கீழ போய் ஒரு டீ குடிங்க. மெதுவாவே குடிங்க."

கதவைச் சாத்தினார். அம்மாவை இடப்பக்கம் திருப்பி, முழங்காலை மடக்கிவிட்டார்.

"விடுங்கம்மா. என்ன வெக்கம்? உங்க காத்தா இது? டாக்டர் ஊதினது. அவருக்கே திருப்பிக் குடுங்க."

வலிக்கு நடுவே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த குலுக்கலில் காற்று தானாகவே பிரிந்தது. மூன்று முறை.

"அடேங்கப்பா! பாவி மனுஷன், எவ்ளோ ஊதியிருக்காரு!"

நோயாளிகளின் வலியைக் குறிக்கும் தாளை வாங்கிப்போக டாக்டர் வந்தார். அம்மாவின் தாளில் 'வலி இல்லை' என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது.

"எப்ப கேட்டீங்க சார்? குறட்டை விட்டப்பவா?"

"எல்லாருக்கும் அப்படித்தான் சிஸ்டர் போடறது."

"அதான் சார் வயிறு எரியுது! ஒரு வருஷமா ஒருத்தருக்கும் வலியில்லன்னு எழுதிக் குடுத்தா, மேல இருக்கறவங்க அந்த மிஷின் எதுக்குன்னு கேக்கமாட்டாங்களா?"

டாக்டர் தாளுக்குக் கை நீட்டினார். அக்கா அந்த டிக்கைக் குறுக்காக அடித்தார். பேனாவை அம்மாவின் விரல்களுக்கு நடுவில் வைத்து, மயக்கத்தில் கை நழுவாதபடி மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.