குங்குமம் வைத்த புரொப்பெல்லர்

என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஒரு புரொப்பெல்லர் என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலை ஏரியில் அப்போது இரண்டு மோட்டார் படகுகள். ஒன்றை நான் ஓட்டினேன். கீழேயிருந்து மாற்றலாகி வந்தவன், ஒன்பது வருட சர்வீஸ். இன்னொன்றை ஓட்டியவள் இதே மலையில் திண்ணனூர் நாட்டுக்காரி, வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. இரண்டு படகுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் புரொப்பெல்லர். தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறியை எவன் பார்க்கப் போகிறான்? அவளோ மாதம் ஒருமுறை அதைக் கழற்றி, தண்டில் சிக்கிய தூண்டில் நரம்பைப் பிரித்தெடுத்து, மூன்று இறக்கையிலும் முகம் தெரிகிற மாதிரி தேய்த்து வைப்பாள். வாசலில் அன்னாசி விற்கிறவர்கூட எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வருவார்.

"ஏனுங்க, உங்களுது மட்டும் இப்படிக் கறுத்துக் கெடக்குது?"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அந்த வருடம் ஒரு படகை வேறு ஊருக்குக் கொண்டுபோவதாக முடிவானது. மிஞ்சுகிற படகை ஒருவர்தான் ஓட்டலாம். மற்றவர் கரையில் நின்று பெடல் படகுகளைத் தள்ளிவிட வேண்டியதுதான். "ஆயுத பூஜைக்கு வாரேன். யாரு நல்லா வெச்சிருக்கீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் ஆபீசர். எங்கள் போட் ஹவுஸில் பூஜைக்குப் புரொப்பெல்லரைக் கழற்றி வாழை இலையில் வைப்பது வழக்கம். அவர் கண்ணில் முதலில் படப்போவது அதுதான்.

அவள் நான்கு நாள் முன்பே ஆரம்பித்துவிட்டாள். புளியைக் கரைத்துத் துணியில் நனைத்து இறக்கைகளைச் சுற்றிக் கட்டினாள். "என்னம்மா, புளிக்குழம்பா?" என்று கேட்டேன். "கறை தானா விட்டுரும்ங்கண்ணா" என்று சிரித்தாள். பிறகு நைசான எமரித் தாளை ஒரே பக்கமாக இழுத்தாள். அதன்பின் பாலிஷ் பசை, பழைய வேட்டித் துணி. அவசரமே இல்லை. அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் முந்தின நாள் சாயங்காலம்தான் உட்கார்ந்தேன். இறக்கைகள் சேருகிற நடுக்குடத்தில் பிடித்திருந்த பாசிக்கறை துணிக்கு மசியவில்லை. பெடல் படகுச் செயினில் துரு சுரண்டுகிற இரும்பு பிரஷ் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. இந்த ஸ்டீலை இரும்பு தொடக்கூடாது, இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு துரு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அதைச் சொன்னதே நான்தான். ஆனால் பக்கத்தில் அவளுடையது பளபளத்துக்கொண்டிருந்தது. எடுத்து இறக்கைகளையும் சேர்த்துத் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் என்னுடையது அவளுடையதையே தூக்கி அடித்தது. கழுவி, ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மலைப்பனி விடிய விடிய இறங்கியிருந்தது. காலையில் சாக்கை விலக்கினால் மூன்று இறக்கையிலும் கடுகு கடுகாகச் செந்நிறப் புள்ளிகள். துடைத்தேன், போகவில்லை. அதற்குள் ஆபீசர் ஜீப் வந்து நின்றது.

அவள் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"அண்ணா, இரும்பு பிரஷ் போட்டீங்களா?"

"இல்லையே" என்றேன்.

அவள் என் புரொப்பெல்லரை இலையில் வைத்தாள். சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு இறக்கையிலும் அகலமாகப் பூசி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தாள். ஒரு புள்ளி வெளியே தெரியவில்லை. தன்னுடையதற்குச் சின்னதாக ஒரு பொட்டு, அவ்வளவுதான்.

எனக்கு நன்றி தோன்றவில்லை. இதைக்கூட இவள்தான் செய்ய வேண்டுமா என்றுதான் எரிந்தது.

ஆபீசர் கும்பிட்டார், இரண்டையும் பார்த்தார். "ரெண்டும் ஜோரா இருக்குது. சீனியர் நீங்களே ஓட்டுங்க" என்று என்னிடம் சொன்னார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை உண்மை சொல்லியிருக்கலாம். "சரிங்க சார்" என்றேன்.

எல்லோருக்கும் முன்னால் அவள்தான் முதலில் கை தட்டினாள். அதையும் மனசாரத் தட்டினாள். என்னால் அவளுக்கு அப்படித் தட்டியிருக்க முடியாது.