குசினிச் சுவரும் என் துப்பறிதலும்

வில்லரே வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டில் குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. அதை இடித்துக் குசினியைப் பெரிதாக்க வேண்டும் என்று மனைவி பல வருடங்களாகக் கேட்டு வந்தாள். ஒருவழியாக நான் சம்மதித்தபோது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். வேலைக்கு வருகிறவர் முன்பு செய்த வேலைகளுக்கெல்லாம் நகரசபையில் ஒழுங்காகப் பெர்மிட் எடுத்தவரா என்று பார்த்த பிறகுதான் அவரை வீட்டுக்குள் விடலாம்.

அதற்குக் காரணம் இருந்தது. பக்கத்து வட்டாரமான அஹுன்ட்சிக்கில் இருக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா, பெர்மிட் எடுக்காத ஒருவரை நம்பிச் சுவரை இடிக்கவிட்டார். பாதியில் இன்ஸ்பெக்டர் வந்து வேலையை நிறுத்தினார். இடித்தவரோ தொலைபேசி எண்ணையே மாற்றிக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அக்கா குளியல் தொட்டியில்தான் அரிசி கழுவினார்.

எங்களுக்குக் கிடைத்த கொன்ட்ராக்டர் யாழ்ப்பாணத்தவர், மெதுவாகப் பேசுகிறவர். லைசென்ஸ் இலக்கம் கேட்டேன், தந்தார். அரசாங்க இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. கடைசியாகச் செய்த மூன்று வீடுகளின் விலாசங்களைக் கேட்டேன். மூன்றும் எங்கள் வட்டாரத்திலேயே இருந்தன. சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் டோர்வல் விமான நிலையத்தில் இருபது வருடம் பெட்டி ஏற்றி இறக்கியவன். தூக்கும்போதே உள்ளே கருவாடு இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். மனிதர்களையும் அப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒரு நாள் லீவு போட்டேன். கறுப்புக் கண்ணாடி அணிந்து, கக்கத்தில் ஒரு ஃபைலோடு பெர்மிட் அலுவலகத்துக்குப் போனேன். ஃபைலுக்குள் விலாசம் எழுதிய அந்த ஒரு தாளைத் தவிர வேறொன்றும் இல்லை. கேட்க வேண்டியதை மெட்ரோவில் இருந்தபடி பிரெஞ்சில் பாடமாக்கிக்கொண்டேன்.

கவுன்டரில் இருந்த பெண்மணி விலாசங்களை ஒவ்வொன்றாகக் கணினியில் தேடினார். மூன்றுக்கும் பெர்மிட் இருந்தது. எனக்குச் சற்று ஏமாற்றமாகப் போய்விட்டது. நன்றி சொல்லிப் புறப்பட்டவனிடம், உங்கள் வீட்டில் என்ன வேலை என்று அவர் அன்பாக விசாரித்தார். சுவரைக் காட்டுவதற்காகக் கைபேசியில் இருந்த படங்களைத் தள்ளினேன். ஒன்று கூடுதலாகத் தள்ளுப்பட்டுவிட்டது.

அது எங்கள் பின் பல்கனி. நானும் மனைவியின் தம்பியும் சேர்ந்து அதைப் பலகையால் அடைத்து, நீலத் தகரக் கூரை போட்டு, மீன் பொரிக்க ஓர் அடுப்பும் வைத்திருந்தோம்.

இதற்குப் பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டார். இது தற்காலிகம் என்றேன். எவ்வளவு காலமாக என்று கேட்டார். பொய் சொல்லும் அளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வராது. பதினொரு வருடம் என்றேன். அவர் இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு விண்ணப்பப் படிவத்தையும், எதையெல்லாம் அகற்ற வேண்டும் என்ற குறிப்பையும் என் ஃபைலுக்குள் அவரே வைத்துவிட்டார்.

வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். அதற்குள் கொன்ட்ராக்டர் அளவெடுக்க வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. வேலை எடுக்க முதல் நானும் வீட்டுக்காரரைப் பற்றி விசாரிக்கிறனான். உங்கட விலாசத்துக்கு ஒரு பெர்மிட்டும் இல்லை. பின்னால ஒரு குசினி நிக்குது. அதைக் கழட்டாமல் நான் சுவரில கை வைக்கமாட்டன்."

மனைவி என்னைப் பார்த்தாள். "அப்ப இவ்வளவு நாளும் நாங்கள்தான் அந்தப் பெர்மிட் இல்லாத ஆக்களோ?" என்றாள். நான் ஃபைலை எடுத்து மேசையில் வைத்தேன். படிவத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொன்ட்ராக்டர் மரியாதைக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்கனியைக் கழற்றுவதுதான் பெரிய வேலையாகிவிட்டது. மனைவியின் தம்பி கைக்கு வந்த ஆணியையெல்லாம் அதில் அடித்திருந்தான். கொன்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு பேர் கடப்பாரையோடு முழு நாளும் போராடினார்கள். அவன் ஒழுங்கையில் கைகட்டி நின்று, "அத்தான், வீடு விழுந்தாலும் இது விழாது," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கொன்ட்ராக்டர்கூட ஓரிடத்தில் நின்று, இது எப்படிப் பொருத்தினது என்று அவனிடம் கேட்க வேண்டியதாயிற்று.

பிறகு எங்கள் பெயருக்குப் பெர்மிட் வந்தது. தெருவிலிருந்து தெரியும்படி அதை முன் யன்னலில் ஒட்டினோம். குசினிச் சுவர் அரை நாளில் போய்விட்டது. வேலை எல்லாம் முடிந்து, புதுக் குசினியில் பால் காய்ச்சி, சொந்தக்காரர் வந்து பார்த்தும் போய்விட்டார்கள். அந்தத் தாள் மட்டும் இன்னும் யன்னலில் இருக்கிறது. கழற்றச் சொல்லி மனைவி சொல்லும்போதெல்லாம் பேந்து கழட்டுறன் என்கிறேன். வேலையால் வரும்போது தெருவில் நின்று ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.