டபுள் சாரின் நாலு லட்சம் குழந்தைகள்

இரண்டு பெயர்களையும் வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் டபுள் சார் தேநீரைத் தொடுவார். ஒருமுறை சாதாரணமாக. இன்னொரு முறை, இருட்டுவதற்குள் பிள்ளையை வீட்டுக்குள் அழைக்கும் தாயைப் போல, கடைசி எழுத்தை இழுத்து. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்ப்பது ஒரு குழந்தையா, இரண்டா என்பதுதான் அவருடைய தொழிலின் ஒரே கேள்வி. கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பார். பிறகு திரை பக்கம் குனிந்து, "நீயேதானா?" என்பார். விசையைத் தட்டுவார். இரண்டு பதிவுகள் ஒன்றாகிவிடும். தேநீர் அதற்குள் ஆறியிருக்கும். ஆறிய தேநீரைத்தான் அவர் ஒன்பது வருடமாகக் குடித்து வந்தார்.

குழந்தை நலப் பதிவகம் என்பது அரசாங்கம் ஆசையாகப் பெற்ற பிள்ளை. பிறந்த ஆஸ்பத்திரியில் ஒரு பதிவு, ஊசி போட்ட இடத்தில் ஒரு பதிவு, பள்ளியில் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்துவிட்டால் எந்தக் குழந்தையும் யார் கண்ணிலிருந்தும் தப்பாது என்று சுவரொட்டி அடித்தார்கள். அமைச்சர் வந்து விசை அழுத்தினார். வலை விரித்ததும் ஒரே குழந்தை மூன்று பேராக வந்து விழுந்தது. ஒரு இடத்தில் அப்பா பெயர் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால், மூன்றாவது இடத்தில் அப்பாவையே காணோம். இப்படி ஒன்றுக்கு மேல் இருப்பவர்களைக் கண்டுபிடித்துச் சேர்க்க இணைப்புப் பிரிவு என்று ஒன்று பிறந்தது. அதில் உட்கார்ந்தவருக்கு 'டபுள் சார்' என்று பெயர் வந்தது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளத்தன்று மட்டும் நினைவுக்கு வரும்.

நாலு லட்சம் குழந்தைகள் அவர் கையில் இருந்தார்கள். எவனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, எவள் மூன்று பள்ளி மாறினாள், எந்த வீட்டில் கைக்குழந்தையின் எடை ஏறவில்லை, எல்லாம் தெரியும். நிஜக் குழந்தையைக் கண்டால் மட்டும் பயம். மின்தூக்கியில் யாராவது குழந்தையோடு ஏறிவிட்டால், மாறும் மாடி எண்களையே தேர்வுக்குப் படிப்பவர் போலப் பார்த்துக்கொண்டு வருவார். குழந்தை சிரித்தால் ஒரு மாடி முன்னதாகவே இறங்கிவிடுவார்.

எதிர் மேசை அம்மாள் மூன்று பெற்று வளர்த்தவர், சும்மா விடமாட்டார். "என்ன சார், புள்ளைங்கல்லாம் சாப்பிட்டாச்சா?"

"உங்க வீட்டு மூணே சாப்பிட்டுச்சோ இல்லையோ. எனக்கு நாலு லட்சம். நான் யாரைன்னு கேக்கறது?"

"கல்யாணம் பண்ணிக்காமலே இவ்வளவு பெரிய குடும்பஸ்தரா ஆனது நீங்க ஒருத்தர்தான்."

அவர் சிரிப்பார். மாலையில் நாலாவது மாடியிலுள்ள தன் ஒற்றை அறைக்குப் போவார். அங்கே ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி. பதிவுகளில் இப்படி ஒரு வீட்டைப் பார்த்தால் 'கவனிக்கவும்' என்று சிவப்புக் குறி வைப்பது அவர் வழக்கம். ஆனால் அது குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு மட்டும்.

அவருடைய திறமைக்கு ஒரு மகுடம் உண்டு. புதிதாகச் சேருபவர்களுக்கு வகுப்பு எடுக்கும்போதெல்லாம் அதைத்தான் காட்டுவார். ஒரே முகவரி. ஒரே பெயருள்ள இரண்டு பெண் குழந்தைகள். அப்பா பெயர் இருந்த இடத்தில் இரண்டிலும் வீட்டுப் பெரியவரின் பெயர். அம்மா பெயர் மட்டும் வேறு வேறு. பிறந்த தேதி ஒன்றில் மூன்று, மற்றதில் எட்டு. முதல் பதிவில் காது சோதனை 'தேறவில்லை', இரண்டாவதில் 'தேறியது'.

"இங்கதான் கண்ணு வேணும்" என்பார் டபுள் சார், குச்சியால் திரையைத் தட்டி. "மூணும் எட்டும் ஆஸ்பத்திரி கையெழுத்துல அக்கா தங்கச்சி. அம்மாவுக்கு ரெண்டு பேரு, ஒண்ணு சர்ட்டிபிகேட்ல, ஒண்ணு வீட்ல கூப்பிடறது. பொறந்தப்ப காது தேறல, மறுபடி பாத்தாங்க, தேறிடுச்சு. அப்ப எத்தனை குழந்தை?"

"ஒண்ணு சார்" என்று வகுப்பு ஒரே குரலில் சொல்லும். அவர் முகத்தில் அப்போது வரும் நிறைவை வேறு எந்த நேரத்திலும் பார்க்க முடியாது.

எட்டாவது வருடம் பதிவகத்துக்கு இறங்குமுகம் தொடங்கியது. ஒரு பெண் தன்னை அடித்த கணவனிடமிருந்து தப்பி, குழந்தையோடு வேறு ஊரில் ஒளிந்திருந்தாள். அவன் ஒருநாள் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றான். முகவரியை எடுத்துக் கொடுத்தது பதிவகத்தைப் பார்க்க அனுமதி உள்ள அவன் நண்பன். எத்தனை பேருக்குத்தான் அனுமதி என்று பத்திரிகைகள் எண்ணிப் பார்த்தன. குழந்தைகளைவிட அதிகாரிகள் கொஞ்சம்தான் குறைவு என்று தெரிந்தது. எந்தக் குழந்தையும் கண்ணிலிருந்து தப்பாது என்ற சுவரொட்டியைத் திருப்பிப் போட்டால் அதுவே மிரட்டல் என்று எழுதினார்கள். கொந்தளிப்பை அடக்க, பெற்றோர் யார் வேண்டுமானாலும் வந்து தங்கள் பிள்ளையின் பதிவைப் பார்க்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தது.

அப்படித்தான் அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை. முகப்பு மேசையில் இருந்தவர்கள் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, குழப்பம் என்றதும் டபுள் சாரிடம் அனுப்பினார்கள். அவள் குழந்தையை அவருடைய மேசை மேலேயே உட்காரவைத்தாள். அவர் அவசரமாகக் காகித எடையையும் பேனாவையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில காது சரியில்லன்னாங்க சார். பயப்படாத, வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க, எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னாங்க. நானும் இன்னிக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். லேட்டாப் பேசற புள்ளைங்க நம்ம வீட்ல உண்டுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறா சார்."

திரையில் வந்திருந்தது அவருடைய மகுடம்.

"உங்க வீட்ல..." தேதியை இன்னொரு முறை பார்த்தார். "இதே பேர்ல இன்னொரு குழந்தை இருக்காம்மா?"

"எங்க ஓரகத்தி பொண்ணு. ஒரே வாரத்துல பொறந்தாங்க. அவங்க மூத்த மருமக, நான் சின்னவ. ரெண்டு பேருமே மாமியார் பேரைத்தான் வைப்பேன்னு நின்னுட்டோம். அவங்க பொண்ணு இவளைவிட அஞ்சு நாள் சின்னவ. நல்லா வாயாடுவா."

மூன்றும் எட்டும் அக்கா தங்கைதான். அதை மட்டும் அவர் சரியாகச் சொல்லியிருந்தார். ஒருத்தியின் கேளாத காதின் மேல் மற்றவளின் கேட்கும் காதை ஒட்டி, 'தேறியது, முடிக்கப்பட்டது' என்று அவர்தான் அடைத்திருந்தார். செவிலி வரவில்லை. வராமல் இரண்டரை வருடம்.

"ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்துட்டாங்க போலம்மா."

"யாரு சார் சேத்தது?"

எதிர் மேசை அம்மாள் தட்டச்சை நிறுத்திவிட்டார்.

"நான்தாம்மா."

அவள் திட்டியிருந்தால் அவருக்கு ஏதாவது பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவள் குழந்தையைத் தூக்கி மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இப்பப் பிரிச்சுடுவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

பதிவகத்தில் இரண்டு பேரைச் சேர்க்க ஒரு விசை போதும். பிரிக்க மூன்று கையெழுத்து வேண்டும். கல்யாணம் செய்துகொண்டவர்கள் இதை ஏற்கெனவே அறிவார்கள். டபுள் சார் ஐம்பத்தேழாவது வயதில் அறிந்தார். விண்ணப்பம் எழுதினார். முதல் கையெழுத்து பன்னிரண்டு நாளில் வந்தது. இரண்டாவதுக்காகக் கோப்பு மேலே போனபோது தேர்தல் வந்து, ஆட்சி மாறி, புதிதாக வந்தவர்கள் முதல் வேலையாகப் பதிவகத்தை மூடுவதாகச் சொன்னார்கள். நாளும் குறித்தார்கள். அதுவரை எந்தப் பதிவையும் பார்க்கலாம், எதையும் மாற்றக் கூடாது.

டபுள் சார் வாழ்க்கையில் முதல் முறையாகக் கூப்பிடாமலே இயக்குநர் அறைக்குள் போனார்.

"இடிக்கப் போற வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்னு நிக்கறீங்களே சார்" என்றார் இயக்குநர். அவரும் நல்லவர்தான், அன்று காலையிலிருந்து ஏணியில் நின்று தன் படங்களைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும்தான் அழிக்கப் போறோமே. தப்பும் சேந்து அழிஞ்சு போயிடும்."

"எல்லாத்தையும் அழிக்கல சார். சிகிச்சையில இருக்கற குழந்தைங்களை மட்டும் அச்சடிச்சு அந்தந்த வட்டார சுகாதார ஆபீசுக்குக் குடுக்கறோம். அந்தப் பட்டியல்ல இல்லாத குழந்தை முதல்லேருந்து வரிசையில நிக்கணும். ஒண்ணரை வருஷ வரிசை. இந்தக் குழந்தை நம்ம கணக்குல முடிஞ்சு போனவ. பட்டியல்ல வரமாட்டா."

"சட்டம் என் கையிலயா இருக்கு?" என்று இயக்குநர் ஆணியைப் பிடுங்கினார். டபுள் சார் ஏணியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டுவிட்டுத் திரும்பினார்.

மூடும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அறுபத்திரண்டு பேர் இருந்த தளத்தில் ஒன்பது பேர் மிச்சம். நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். பட்டியல்கள் சூடாக அச்சாகி வந்தன. ஒவ்வொரு தாளிலும் கடைசி வரிக்குக் கீழே மிஞ்சும் வெற்றிடத்தில், பிற்பாடு யாரும் எதையும் நுழைத்துவிடாதபடி குறுக்குக் கோடு இழுத்துக் கையொப்பம் போடும் வேலை டபுள் சாருக்கு வந்தது. யாரையும் நுழையவிடாமல் பார்த்துக்கொள்ள அவரைவிடத் தகுந்த ஆள் இல்லை என்று இயக்குநரே சொன்னார்.

நூற்றுப் பதினாறு தாள்களில் அவர் கோடு இழுத்தார். நூற்றுப் பதினேழாவது, அந்தப் பெண்ணின் வட்டாரம். அதில் மூன்று விரல் அகலம் இடம் மிஞ்சியிருந்தது. அச்சு எழுத்தைப் போலவே எழுத முயன்று, குழந்தையின் பெயர், தாயின் பெயர், தேதி, 'காது சோதனை தேறவில்லை, அவசரம்' என்று எழுதினார். தகவல் தந்தவர் என்ற இடத்தில் தன் பெயர். எண் என்ற இடத்தில், அலுவலகத் தொலைபேசி திங்களன்று இருக்காது என்பதால், தன் கைபேசி எண். குழந்தைக்கு என்ன உறவு என்ற கட்டத்துக்கு வந்ததும் மேலே இருந்த வரிகளைப் பார்த்தார். தாய், தாய், தந்தை, மாமன், தாய். அதை வெறுமனே விட்டுவிட்டார்.

"என்ன சார், புதுசா எழுதறீங்க?" என்றார் எதிர் மேசை அம்மாள்.

"விட்டுப் போனது."

"மாட்டினா பென்ஷன் போயிடும்."

"ம்."

அம்மாள் எழுந்து வந்து, அந்தத் தாளை எடுத்து, கட்டின் நடுவில் செருகிக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். நண்பகலில் நாலு லட்சம் பேரும் சத்தமில்லாமல் போனார்கள். திரைகள் இருண்டதும் குளிர்சாதனத்தின் உறுமல் மட்டும் கொஞ்ச நேரம் ஓடியது; பிறகு அதையும் யாரோ அணைத்தார்கள்.

இப்போது டபுள் சார் இன்னொரு கட்டிடத்தின் கீழ்த்தளத்தில், பழைய கோப்புகளின் நடுவே இருக்கிறார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. அந்தத் தளத்தில் அவர் ஒருவர்தான். அங்கே வெக்கை அதிகம் என்பதால் சட்டையின் மேல் இரண்டு பித்தான்களைக் கழற்றிவிட்டு உட்காருவார். கேட்க ஆளில்லை. போன வாரம், கைபேசி அலைவரிசை கொஞ்சமாவது எட்டும் ஒரே இடமான ஜன்னலோரத்தில் அவர் நின்றிருந்தபோது அழைப்பு வந்தது. வட்டார சுகாதார அலுவலகம். இளம் பெண் குரல்.

"சார், கையால எழுதின வரி ஒண்ணு இருக்கு. நீங்கதானே?"

"நான்தான். குழந்தை இருக்கா? விசாரிச்சீங்களா?"

"வீட்டுக்கே போய்ப் பாத்துட்டோம். சரியாத்தான் எழுதியிருக்கீங்க. மிஷின் வெச்சா கேக்கும்னு டாக்டர் சொல்றார், இப்பவே ரொம்ப லேட்டுங்கறார். அடுத்த புதன்கிழமை தேதி போடணும். ஆனா நீங்க உறவை விட்டுட்டீங்க. எங்க புது சிஸ்டம்ல அதைப் போட்டாத்தான் தேதிக்குப் போகும்."

"அம்மா பேரு இருக்கே."

"அது தனிக் கட்டம் சார். இது தகவல் குடுத்தவருக்கு. நீங்க குழந்தைக்கு யாரு?"

"அலுவலர்னு போடுங்க."

"அது இல்ல. அலுவலருங்க உள்ள வந்ததாலதானே சார் உங்களை மூடினாங்க."

"அப்ப, யாருமில்லன்னு போடுங்க."

"அப்படியும் ஒண்ணு இல்ல சார் இதுல." அவள் சுட்டியை உருட்டும் சத்தம் கேட்டது. "அப்பா, சித்தப்பா, மாமா... உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தெட்டு."

"தாத்தான்னு போட்டுட்டேன். போயிடுச்சு சார். புதன்கிழமை பத்து மணி."

ஒன்பது வருடம் ஒரு தவறான உறவைக்கூடத் தன் கண் முன்னால் போகவிட்டதில்லை அவர். திருத்துவதற்கு வாயைத் திறந்தார். மறுமுனையில் அவள் காத்திருந்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு இடது கையால், கழுத்தடியில் திறந்து கிடந்த பித்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டார்.