நங்கையா எடுத்த படம்

மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டிய ஊரில் இருந்தேன். மனைவியை அங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பித்து நான்கு மாதம் ஓடியிருந்தது. அன்றைக்குக் குடிவரவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பன்னிரண்டாம் படத்தில் மணக்கோலத்தில் நிற்கும் உங்களோடு ஒரே சேலையால் இணைக்கப்பட்டிருக்கும் பெண் உங்கள் மனைவி அல்ல. அவர் யார்? அவரோடு உங்களுக்கு முன்பு திருமணம் நடந்திருந்தால் அது முறிந்ததற்கான சான்று தேவை. நடக்கவில்லை என்றால் அவரே கையொப்பமிட்ட வாக்குமூலம் தேவை.

பன்னிரண்டாம் படத்தில் இருந்தது என் அக்கா. அவள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. பொண்ணு மணவறைக்கு வருவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை அவன் பக்கத்தில் நிறுத்துவார்கள். மணப்பெண் உடுக்கப்போகும் கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கக்கத்தில், மறுதலைப்பு அவள் கையில். பொண்டாட்டி வந்துவிட்டாள் என்று கூடப்பிறந்தவளை மறந்துவிடாதே என்பதற்காகச் செய்வது. அதை முடித்த பிறகுதான் அந்தச் சேலை பொண்ணுக்குப் போகும். அன்னூரில் எனக்குக் கல்யாணம் நடந்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. அக்காவுக்கு ஐம்பத்தொன்று. சேலையைப் பிடித்துக்கொண்டு என் காதோரம், "இத்தன வருசங்கழிச்சு நிக்க உட்டியேடா, முட்டி நோவுது" என்றாள். நான் சிரித்ததும் கேமரா மின்னியது. அந்தச் சிரிப்புதான் பன்னிரண்டாம் படம். அழகாக வந்திருக்கிறதே என்று நானேதான் பொறுக்கி வைத்தேன். எங்கள் ஊரில் அந்தப் படத்தைப் பார்த்து யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். ஆகவே கேட்க இடமிருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

விளக்கக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இவர் என் மனைவி அல்ல. இவர் என் அக்கா. இவர் உயிரோடு இல்லை. மூன்று வாக்கியங்கள். அவற்றை அந்நிய மொழியில் அடித்துவிட்டுத் திரும்பிப் படித்தபோது, அறைக்குள் யாரோ அவற்றை மெல்லச் சொல்லிப் பார்த்ததுபோல் இருந்தது. கையொப்பத்துக்குப் பதிலாக இறப்புச் சான்றிதழை வைக்கவேண்டும். அது போத்தனூரில் மச்சானிடம் இருந்தது.

மனைவி பஸ் ஏறிப் போத்தனூர் போனாள். வீட்டு வாசலில் நின்று எனக்கு வீடியோவில் கூப்பிட்டாள். அக்கா இருந்த வீட்டுக்குள் நான் ஒரு கைப்பேசியின் வழியாக நுழைந்தேன்.

"வா அம்மணி. வெயில்ல நடந்தா வந்தே?" மச்சானின் குரல்.

"பஸ்ஸுலதானுங்கண்ணா. ஸ்டாப்புல இருந்து நடந்துட்டனுங்க."

"மாப்ளை என்ன, போன்லயே குடித்தனம் பண்றாப்லயா?"

"அத நிறுத்தறதுக்குத்தானுங்கண்ணா இந்தக் காயிதத்துக்கு வந்துருக்கறேன்."

மச்சான் சிரித்தார். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மேசையில் அக்காவின் கைப்பேசி சார்ஜில் கிடந்தது, பச்சை விளக்கோடு. நான் அதைப் பார்ப்பதை எப்படியோ உணர்ந்தவர்போல மச்சான் திரைக்குள் முகம் நீட்டினார்.

"சார்ஜு தீந்துபோனா மனசு ஒரு மாதிரி ஆயிருதுங்க மாப்ளை. அதுபாட்டுக்கு இருக்கட்டும்னு தெனமும் போட்டுடறேன்."

அப்போது வீட்டுப் பின்னால் ரயில் போயிற்று. படம் அப்படியே உறைந்தது. பீரோக் கண்ணாடியில் என் மனைவி நின்றாள். கைப்பேசியை இரண்டு கையாலும், ஆரத்தித் தட்டைப் பிடிப்பதுபோல, நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தாள். என் மனைவி ஒற்றைக் கையால்தான் பிடிப்பாள். இரண்டு கையால் பிடிப்பவள் அக்கா. ரயில் போகிற வரைக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, பெட்டி பெட்டியாக. படம் திரும்பியபோது மனைவி சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

சான்றிதழோடு படங்களையும் மறுபடி வரிசைப்படுத்தினேன். நாங்கள் இருவர் மட்டும் இருக்கும் படங்கள் எத்தனை என்று தேடினால், எல்லாவற்றிலும் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். இடது மூலையில் செம்மண் நிறத்தில் ஒரு மங்கல். அக்காவின் கட்டைவிரல். கல்யாணத்துக்கு நான் ஊரில் இருந்த இருபது நாளும் எங்களை விரட்டி விரட்டிப் படமெடுத்தவள் அவள்தான். மருதமலைப் படியில், அவினாசித் தேர்முட்டியில், அன்னூர்ச் சந்தையில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில். ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தை: "ஒட்டி நில்லுங்க, நடுவால பஸ்ஸே போகுமாட்ட இருக்குது."

கடிதத்தின் கடைசியில், மனம் இளகி, தேவையில்லாமல் ஒரு வரி சேர்த்தேன். எங்கள் இருவரையும் எடுத்த படங்கள் அனைத்தும் இந்த அக்கா எடுத்தவை. அனுப்பியும்விட்டேன்.

அனுப்பிய பிறகுதான் இருபத்தேழாம் படம் நினைவுக்கு வந்தது.

அது கொடுமுடியில் எடுத்தது. சேதி கேட்டு மறுபடி ஊருக்கு ஓடிவந்திருந்தேன். அக்கா போன மூன்றாம் நாள் காலை. அஸ்தியைக் காவேரியில் கரைத்துவிட்டு மச்சான் துணி மாற்றப் போயிருந்தார். ஈரத் தலையோடு படித்துறையில் நாங்கள் இருவரும் நின்றோம். மறுநாள் எனக்கு விமானம். ஒவ்வொரு வருகைக்கும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றாவது வேண்டும் என்று விண்ணப்பக் குறிப்பில் இருந்தது என் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்றேன்.

"இன்னிக்கா?" என்றாள். அந்த ஒற்றைச் சொல்லின் கூச்சம் இன்னும் என் மேல் இருக்கிறது.

குளித்துவிட்டுப் படியேறி வந்த ஒரு அம்மா, "குடு கண்ணு, நான் புடிச்சுத் தாரேன்" என்று கைப்பேசியை வாங்கினார். வெயில் அவருக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எந்தப் பக்கம் போனார் என்றும் பார்க்கவில்லை. நான் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தேழாம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில் செம்மண் நிறத்தில் ஒரு மங்கல். எத்தனையோ பேருடைய விரல் மறைக்கும்தான். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

கடிதத்தின்படி எல்லாப் படங்களையும் எடுத்தது அக்கா. சான்றிதழின்படியும் படத்தின் கீழே நானே எழுதிய தேதியின்படியும் அக்கா இறந்து மூன்றாம் நாள் எடுத்த படம் இது. இரண்டும் ஒரே உறைக்குள் போயிருந்தன. நான் எதற்குப் பயந்தேன் என்றால், ஒரு சிறு பொய் அகப்பட்டால் போதும், கல்யாணமே பொய் என்று எழுதி மூடிவிடுவார்கள். மறுபடி விண்ணப்பித்து, மறுபடி காத்திருந்து, அவளுக்கு நாற்பது ஆகிவிடும். குழந்தைக்கென்று மருத்துவர் எங்களுக்குச் சொல்லியிருந்த காலக்கெடு ஒன்றும் இருந்தது.

சென்னையில் நேர்காணலுக்கு அவளை அழைத்தார்கள். முந்தின நாள் சொல்லி வைத்தேன். "கொடுமுடிப் படத்தப் பத்திக் கேட்டா, யாரோ ஒரு அம்மா எடுத்தாங்கன்னு சொல்லு. அதுதானே நடந்தது."

"செரிங்க" என்றாள்.

நேர்காணல் முடிந்து வெளியே வந்து கூப்பிட்டாள். பின்னால் ஆட்டோக்களின் இரைச்சல்.

"கேட்டாங்களா?"

"அதத்தானுங்க மொதல்ல கேட்டாங்க. நம்ம லெட்டர எடுத்து வச்சுக்கிட்டு, இந்த தேதிய காட்டி, இத ஆரு எடுத்ததுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நங்கையா எடுத்தாங்கன்னு சொல்லிப்போட்டனுங்க."

எங்கள் பக்கம் புருசனின் அக்காவை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"அப்புறம்?"

"தமிழ்ல கேட்டு இங்கிலீசுல சொல்றதுக்கு ஒருத்தர உக்கார வச்சிருந்தாங்க. நம்மூர்ப்பக்கத்து ஆளு இல்லீங்க, பேச்சே வேற. அவரு கொஞ்ச நேரம் யோசன பண்ணாரு. அப்புறம் அந்த ஆபீசர்கிட்ட, யாரோ ஒரு லேடி எடுத்தாங்களாம்னு சொல்லிட்டாருங்க. அவுங்களும் எழுதிக்கிட்டாங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. நங்கை என்றால் பெண். புத்தகத்தில் மட்டும் இருக்கிற சொல். அந்த மனிதர் எங்கள் வீட்டு உறவைப் பள்ளிக்கூடத்துச் செய்யுள் சொல்லாகக் கேட்டிருக்கிறார். அவள் அக்காவைச் சொன்னாள். அது அந்த மேசையைக் கடந்து போவதற்குள் முகம் தெரியாத ஒரு பெண்ணாக மாறிவிட்டது. நான் சொல்லச் சொன்னதும் அதுதான்.

"நீ திருத்தலயா?"

"அவரு சொன்னதுல தப்பு இல்லீங்களே."

"அப்ப நீ சொன்னது?"

ஆட்டோச் சத்தத்திலிருந்து அவள் கொஞ்சம் தள்ளிப் போனாள்.

"அந்தம்மா போனைக் கையில வாங்கிட்டு என்ன சொன்னாங்கன்னு உங்களுக்கு நெனப்பு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லையே."

"நீங்க ஆத்தப் பாத்துட்டு நின்னீங்க. நடுவால பஸ்ஸே போகுமாட்ட இருக்குதுன்னாங்க."

எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லக்கூடிய கேலிதான் அது. அதைத்தான் அவளிடமும் சொன்னேன். "ஆமாங்க, ஆரு வேணாலும் சொல்லுவாங்க" என்றாள். என்னைத் தேற்றுகிற குரலில்.

ஆறு வாரம் கழித்து விசா வந்தது. முன்பனிக்காலத்தில் அவளும் வந்தாள். பெட்டியில் பாதி இடத்துக்குக் கூறைச்சேலை. குளிருக்கு ஆகாது, எதற்குத் தூக்கிவந்தாய் என்றேன். "ஒரு தலைப்பு அவுங்க புடிச்சதுங்க" என்றாள். அதைக் கட்டவில்லை. அலமாரியில் மேல்தட்டில் வைத்தாள். சில நாட்கள் நான் கதவைத் திறக்கும்போது தலைப்பு கொஞ்சம் வெளியே தொங்கும். அவள் எடுத்துப் பார்த்திருப்பாள் என்று நினைத்து உள்ளே தள்ளி மூடுவேன். எடுத்தாயா என்று கேட்டதில்லை.

இப்போது அவளுடைய அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய வருடம். சேர்ந்து வாழ்கிறோம் என்பதற்குப் படம் வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை காலை கைப்பேசியை அரிசி டப்பாவில் சாய்த்து, பத்து வினாடிக்குத் தானே எடுக்கும்படி வைத்துவிட்டு ஓடிப்போய் நின்றேன். எங்களைப் படமெடுக்க இந்த ஊரில் யாரும் இல்லை. எண்கள் குறைந்துகொண்டே வந்தன. ஏழு. ஆறு. ஐந்து. எங்கள் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது. இருவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. நாலு.

அவள் அரை அடி என் பக்கம் நகர்ந்து தோளில் தோள் பட நின்றாள். கைப்பேசியைப் பார்த்து, சாதாரணமாக, "போதுங்களா?" என்றாள்.

அந்தப் படத்தைத்தான் புதிய விண்ணப்பத்தில் முதலாவதாக வைத்திருக்கிறேன். யார் எடுத்தது என்று அதில் நான் எங்கும் எழுதவில்லை.