வாத்தியார் லைனில் இருக்கிறார்

எங்கள் ஊரில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் அடுத்தவர் மூக்கில் பிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் வளைத்து, "இப்ப அழுத்துதா?" என்று கேட்பதே வேலை. ஆனால் அவருடைய உயிர் இருந்தது நூலகத்து மாடியில். அங்கே இயங்கிய சமூக வானொலியில் வாரம் ஒருமுறை 'நம்ம தெரு' என்றொரு நிகழ்ச்சி நடத்தினார். எந்தத் தெருவுக்கு ஏன் அந்தப் பெயர், சினிமாக் கொட்டகை வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது, நாடகக்காரர்கள் எந்த வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள் என்று தேடிப் பிடித்துச் சொல்வார். ஒரு சொல் பிசகாது. அதனாலோ என்னவோ, நேயர் போன் எப்போதாவதுதான் அடிக்கும்.

சகலையை அந்த மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனவரே அவர்தான். மனைவியின் தங்கை கணவர். குழாய் ரிப்பேர் பார்ப்பவர். ஒரு வாரம் பேச வர வேண்டிய விருந்தினர் கழுத்தறுத்துவிட்டார். கைக்குக் கிடைத்தவர் சகலை.

"நான் என்னண்ணா பேசுறது? எனக்குக் குழாயைத் தவிர என்ன தெரியும்?"

"வீடு வீடாப் போறியே, பார்த்ததைச் சொல்லு. மீதியை நான் பார்த்துக்கறேன்."

சகலை பேசினார். ஒரு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் திறக்கப் போனபோது மூடி மேல் ஒரு பறவை கூடு கட்டியிருந்ததையும், குஞ்சு பறக்கும் வரை அந்த வீட்டார் வாளியில் தண்ணீர் சுமந்ததையும் சொன்னார். "அது என்ன பறவைன்னு எனக்குத் தெரியலைங்க, கேக்கறவங்க யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். போன் அடிக்க ஆரம்பித்தது. கண்ணாடிக்காரருக்குப் பேச இடமே இல்லை.

அடுத்த மாதமே சகலைக்குத் தனி நிகழ்ச்சி. பெயர் 'கூரைக்கு மேலே'. பறவை, பல்லி, மரம், மழை, எது வேண்டுமானாலும் பேசுவார்கள். சகலைக்குப் பாதி தெரியாது. தெரியாது என்று சொல்லவும் கூசமாட்டார். ஊரே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. பழுதுபார்க்க வரச்சொல்லி வீட்டுக்கு அழைத்தவர்கள், குழாயை மறந்துவிட்டுத் தோட்டத்துப் பாம்பைப் பற்றிப் பேசினார்கள்.

கண்ணாடிக்காரருக்கு வயிறு எரிந்தது. கடைக்கு வருகிற ஆட்கள், "உங்க சகலைதானே அவரு? என்னமாப் பேசுறாரு!" என்பார்கள். அவர் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளக்கிற லென்ஸை மறுபடி துடைப்பார். எல்லாவற்றையும்விட மனைவிதான் அவரை வதைத்தாள். 'நம்ம தெரு' ஓடும்போது மிக்ஸியைப் போடுகிறவள், 'கூரைக்கு மேலே' வந்துவிட்டால் வானொலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள்.

"தங்கச்சி வீட்டுக்காரர்னா அவ்வளவு பாசமா?" என்று கேட்டார்.

"பாசமில்லைங்க. சிரிப்பா இருக்கு, கேக்கறேன்."

'என் நிகழ்ச்சியில் சிரிக்க என்ன இருக்கிறது' என்று அவரே தன்னைக் கேட்டுப் பார்த்தார். பதில் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை வாய் தவறி, "வௌவாலுக்குக் கண்ணு தெரியாதுல்ல, பாவம்" என்று சொல்லிவிட்டார். கண்ணாடிக்காரர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். வௌவாலுக்குக் கண் தெரியும். கண் விஷயத்தில் தப்பு! படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நிலையத்துக்குப் போன் போட்டார். மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார்.

"வணக்கம். நான் ஓய்வு பெற்ற வாத்தியார் பேசுறேன். வௌவாலுக்கு நல்லாக் கண்ணு தெரியும். தப்பாச் சொல்றீங்க."

"அப்படீங்களா சார்? நான் இத்தனை நாளா அது குருடுன்னே நினைச்சுட்டிருந்தேன். ரொம்ப நன்றி."

சகலை கொஞ்சமாவது தடுமாறுவார் என்று நினைத்திருந்தார். இந்த நன்றி அவரைப் பற்றவைத்தது. "தெரியாத விஷயத்தை எதுக்குப் பேச வர்றீங்க? தெரிஞ்சவங்க இல்லையா ஊர்ல? தெருத்தெருவா அலைஞ்சு, தேடிச் சேகரிச்சுப் பேசுறவங்க இல்லையா?"

அப்போது கதவு திறந்தது.

"என்னங்க, டீ ஆறுது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

மனைவியின் குரல் அப்படியே ஊர் முழுக்கப் போனது. கூடத்தில் வைத்துவிட்டு வந்த வானொலியில் தன் குரலே திரும்பி வந்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லைன் சரியில்லை போல" என்றார் சகலை, மெதுவாக. "அடுத்த நேயரைப் பார்ப்போமுங்க."

காட்டிக்கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. காப்பாற்றியதுதான் கண்ணாடிக்காரருக்குத் தாங்கவில்லை. காப்பாற்றியும் பயனில்லை, கடைத்தெருவே அந்த இரண்டு குரல்களையும் அறியும். மறுநாள் பழக்கடைக்காரர் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வணக்கம் சொன்னார். அந்த வாரம் கண்ணாடிக்காரர் நூலகத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 'நம்ம தெரு' நேரத்தில் பாட்டுப் போட்டார்கள்.

சகலை கடைக்கே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரிலிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அண்ணா, போன் நிக்கவே மாட்டேங்குது."

"அதைச் சொல்லி வெறுப்பேத்தத்தான் வந்தியா?"

"எனக்கில்லைண்ணா. வாத்தியார் மறுபடி எப்ப வருவாருன்னு கேக்கறாங்க. என் தப்பைத் திருத்த வாராவாரம் அவர் வரணுமாம். நிலையத்தை நடத்துற அம்மாவும் சரின்னுட்டாங்க."

"கேலி பண்றியா?"

"சத்தியமா இல்லை. நீங்க திட்டுறப்போ எனக்கே பேச்சு நல்லா வருது."

முடியாது என்றார். இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மனைவி, "போகலைன்னா வேற யாரையாவது வாத்தியாராப் போடுவாங்க" என்றாள். அந்த நினைப்பை அவரால் பொறுக்க முடியவில்லை. போனார்.

இன்றைக்கும் 'கூரைக்கு மேலே' முடிவதற்கு முன் வாத்தியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து சகலையை ஒரு பிடி பிடிக்கிறார். திட்டிக்கொண்டே பழைய குளம், பழைய மரம், மரத்தடியில் கூத்து நடந்த கதை என்று தான் சேர்த்து வைத்ததை எல்லாம் சொல்லிவிடுகிறார். ஊர் விழுந்து விழுந்து சிரிக்கிறது, கேட்கவும் செய்கிறது. ஆனால் அதே விஷயத்தை 'நம்ம தெரு'வில் சொந்தக் குரலில் சொன்னால், போன் ஊமையாகவே கிடக்கிறது.

போன வாரம் ஒரு பெண் பிரேம் வாங்க வந்தவள், "உங்க நிகழ்ச்சியை நிறுத்திட்டு அந்த நேரத்தையும் வாத்தியாருக்கே குடுத்துடலாமே" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். அவர் முகம் கறுத்துப்போனது. வீட்டுக்கு வந்து வாத்தியாரைக் கன்னாபின்னாவென்று ஏசினார்.

"அது நீங்கதானேங்க?" என்றாள் மனைவி.

"அதனால என்ன?" என்றார் கண்ணாடிக்காரர்.