வாசற்காவலர் தோளும் பூதத்தின் வயிறும்

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு சுதைச் சிற்பத்தின் மீது பொறாமைப்பட்டு, மூன்று பேருந்து மாறிப் போய் அதை நேரில் பார்த்துவிட்டு வந்தவன் நான். வீட்டில் இதைக் களப்பணி என்று சொல்லியிருந்தேன்.

பாதிதான் பொய். கட்டடக் கலையில் ஆணுடல் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தது உண்மை. மேற்கே ஒருவனைக் கைகால் விரித்து வட்டத்துக்குள் நிறுத்தி, மனித அளவில் தூண் எழுப்பச் சொன்னார்கள். இங்கே கோயிலுக்கே பாதம், கால், கழுத்து, தலை என்று பெயர் வைத்தார்கள். இரண்டு தரப்பும் வயிற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று நான் குறித்து வைத்திருந்த வாரத்தில்தான், என் மைத்துனர் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு படம் போட்டார். என் மனைவியின் ஊர் அம்மன் கோயிலில் திருப்பணி. படத்தில் வாசல் துவாரபாலகர்.

"போன கும்பாபிஷேகத்துக்கு எங்க செல்வம் அத்தானை நிக்க வச்சுத்தான் இவரைச் செஞ்சாங்க," என்றாள் என் மனைவி சாந்தி. "தோளைப் பாருங்க."

பார்த்தேன். செல்வம் அவளுடைய தாய்மாமன் மகன். இருவருக்கும் கல்யாணப் பேச்சு நடந்து நின்றுபோனது. நான் அவரை நாலைந்து விசேஷங்களில் பார்த்திருக்கிறேன், சட்டையோடு. பன்னிரண்டு வருடத்தில் சிற்பம் அப்படியே இருக்கலாம். மனிதர் இருக்க முடியாது. அவர் எவ்வளவு சரிந்திருக்கிறார் என்பதை என் கண்ணால் பார்த்தாக வேண்டியிருந்தது.

மாசி மாதம், ஒரு புதன்கிழமை. காலை 6.10க்குத் திருச்சியில் ஏறி, எட்டு மணிக்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் நின்றேன். அங்கே உள்கோபுரத்துத் துவாரபாலகரின் பக்கத்தில் ஒரு பாம்பு யானையை விழுங்குகிறது. யானையே இவ்வளவுதான் என்றால் இவர் எவ்வளவு பெரியவர் என்று நம்மைக் கணக்குப் போட வைக்கிறான் சிற்பி. எனக்கு நான் எவ்வளவு சிறியவன் என்ற கணக்குத்தான் வந்தது. அருகில் ஒரு பெண்மணி கணவரைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். "கொஞ்சம் நிமிந்து நில்லுங்க. பின்னாடி நிக்கிறவரப் பாருங்க, எப்படி நிக்கிறாரு."

"அவருக்கு சுகர் இல்லடி," என்றார் கணவர். அவரோடு கை குலுக்கத் தோன்றியது.

10.20, மன்னார்குடி. இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். "உடம்பு சரியில்லையா சார்?" என்று பரிமாறியவர் கேட்டார். அடுத்த இருபத்தெட்டு கிலோமீட்டரும் ஜன்னலோர இருக்கை. அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் உருளைகள் கிடந்தன. தாளுக்கிடையே உளுந்து பச்சை கட்டியிருந்தது. திருத்துறைப்பூண்டியில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"செல்வம் அண்ணன் கோயிலுக்கா? நூத்தம்பது குடுங்க."

அம்மன் கோயிலைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று புரிய ஒரு கிலோமீட்டர் ஆனது.

12.15க்குப் போய்ச் சேர்ந்தேன். சாரத்தின் கீழ், இடுப்பில் துண்டோடு, சிமெண்டு மூட்டையைத் தோளில் வைத்து நின்றார் செல்வம். சரிவு எதுவும் இல்லை. நெஞ்சு முடி மட்டும் நரைத்திருந்தது. அதுவும் அவருக்கு எடுப்பாகவே இருந்தது.

"வாங்க தம்பி. சாந்தி வரலையா?" என்று மூட்டையை இறக்கினார்.

"எப்படிண்ணே உடம்பை இப்படியே வச்சிருக்கீங்க?" கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நான் எங்க வச்சிருக்கேன்? இந்தாளு வச்சிருக்கான்." சிற்பத்தைக் காட்டினார். "டீக்கடையில ஒரு போண்டாவ எடுத்தா, 'ஏய், வாசல்ல நிக்கிறவரு திங்கிறாருடா'ங்கிறானுவ. பன்னெண்டு வருசமா வயிறாரச் சாப்பிடல தம்பி. அவனுக்கு மறுபடியும் பூசி வர்ணம் அடிச்சிருவாங்க. எனக்கு யாரு பூசுவா?" பிறகு என் சட்டையின் நான்காவது பித்தானைப் பார்த்தார். "நீங்க குடுத்து வச்சவங்க."

அந்தக் குரலில் இருந்தது பொறாமை. அதில் எனக்கு அனுபவம் உண்டு, அசல்தான்.

சாரத்தின் மேலிருந்து ஸ்தபதி எட்டிப் பார்த்தார். "சார் யாருங்க? கொஞ்சம் சைடா திரும்புங்க." திரும்பினேன். அவர் இறங்கியே வந்துவிட்டார். கூரை விளிம்பைத் தாங்கும் பூதகண வரிசையில் ஒன்றுக்கு வயிறு உடைந்துபோயிருக்கிறதாம். "தோளு, மாருக்கெல்லாம் கணக்கு இருக்கு சார். தொப்பை மட்டும் ஆளப் பாத்தாதான் உசுரா வரும். சட்டையக் கழட்டுங்க."

கழற்றினேன். கூரையைத் தாங்குவது போல இரு கைகளையும் உயர்த்தி நின்றேன். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் செல்வம். ஸ்தபதி அளவுகளைச் செங்கல்லில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

மாலைப் பேருந்தில் கட்டுரை தானாக எழுதிக்கொண்டு வந்தது. இடுப்புச் சிறுத்தவன் வாசலில் விரல் நீட்டி மிரட்டுகிறான், அவ்வளவுதான். பாரம் தொப்பைக்காரன் தலையில். கட்டடமும் குடும்பமும் இப்படித்தான் நிற்கின்றன. தஞ்சாவூரில் நாலு பஜ்ஜி சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தியிடம் உண்மையைச் சொன்னேன். சொன்ன தைரியத்தில், "அப்போ அவரை உனக்குப் பிடிக்குமா?" என்றும் கேட்டேன்.

"புடிக்கும். யாருக்குத்தான் புடிக்காது?" என்று சொல்லிவிட்டு, தோசைக்கு மாவைக் கரைத்தாள். அன்று ஆறு தோசை சாப்பிட்டேன். கோபத்தில் எண்ணிக்கை தெரிவதில்லை.

மூன்றாம் நாள், நான் கட்டுரையின் கடைசிப் பத்தியில் பூதங்களை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் கைப்பேசியோடு வந்தாள்.

"அத்தான் பேசினாங்க. நீங்க மூச்சை இழுத்துப் புடிச்சுக்கிட்டு நின்னீங்களாமே? பூதத்துக்கு வயிறு பத்தலையாம். ஸ்தபதி மறுபடி வரச் சொல்றாரு, சாப்பிட்டுட்டு."